பழைய சாகசத்தில் ஒரு கட்டம் 10 அடி, என் விதிப்புத்தகத்தில் 5 அடி: எதை வைத்து ஆடுவது?

அகல்விளக்கு

வணக்கம். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வேலைக்கு நான் புதிது. எண்பதுகளில் வந்த ஒரு பழைய சாகசத்தை (கதையும் மேப்பும் சேர்ந்த புத்தகம்) எடுத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் நடத்தலாம் என்று இருக்கிறேன். பூதங்கள், புதையல், பொறிகள் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. மேப்தான் படுத்துகிறது.

மொத்தம் நான்கு மேப். வட்டார மேப் ஹெக்ஸில் (அறுகோணக் கட்டத்தில்) இருக்கிறது, ஒரு ஹெக்ஸ் 6 மைல். அதற்குள் வரும் ஒரு பள்ளத்தாக்குக்குத் தனி மேப், சதுரக் கட்டம், ஒரு கட்டம் 100 கெஜம். அப்புறம் நிலவறை, ஒரு கட்டம் 10 அடி. கடைசியில் ஒரு கிராமம், அதில் ஸ்கேலே போடவில்லை, வீடுகளும் ஒரு கிணறும் ஒரு பாலமும் மட்டும் வரைந்து விட்டுவிட்டார்கள். என் விதிப்புத்தகம் சண்டை என்றாலே 5 அடிக் கட்டம் என்று பேசுகிறது.

நிலவறை மேப்பில் 10 என்பதை அடித்துவிட்டு 5 என்று எழுதினால் போதாதா? பயணத்துக்கு ஹெக்ஸை எண்ணிக்கொண்டே போகவேண்டுமா? அடிப்படையாகவே கேட்கிறேன், இந்த ஸ்கேலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

இருபதுமுகம்

போதாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த 10 அடி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் பதிப்பைக் கொண்டுவந்தபோது அது மினியேச்சர் போர் ஆட்டங்களிலிருந்து கிளம்பி வந்த ஆட்டம். போர் ஆட்டக்காரர்கள் மேசைமேல் டேப் வைத்து அங்குலக் கணக்கில் பொம்மைகளை நகர்த்துவார்கள். அந்தப் பழக்கத்தில் நடை வேகம், அம்பு போகும் தூரம், மந்திரம் எட்டும் தூரம் எல்லாவற்றையும் அங்குலத்திலேயே எழுதிவைத்தார்கள். நிலவறைக்குள் ஒரு அங்குலம் என்றால் 10 அடி. வெட்டவெளியில் அதே ஒரு அங்குலம் 10 கெஜம், அதாவது 30 அடி. எண் ஒன்றுதான், கூரை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மூன்று மடங்கு மாறும். இதிலும் ஒரு கூத்து உண்டு: 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டுப்படி வெளியே வந்தால் மந்திரம் எட்டும் தூரம்தான் கெஜமாக மாறும், அது பரவும் பரப்பு அடிக்கணக்கிலேயே நிற்கும். இல்லாவிட்டால் வெளியே வீசிய ஒரு ஃபயர்பால் (நெருப்புக்கோள மந்திரம்) மூன்று மடங்கு அகலமாகி எதிரிப் படையோடு சொந்தப் படையையும் விழுங்கியிருக்கும்.

5 அடிக் கட்டம் அசைக்கமுடியாத வழக்கமானது 2000-இல், மூன்றாம் பதிப்போடு. ஆக உங்கள் சாகசத்தை வரைந்தவர் மனதில் இருந்த கட்டமும் உங்கள் விதிப்புத்தகத்தை எழுதியவர் மனதில் இருந்த கட்டமும் வேறு வேறு வேலைக்கானவை.

இப்போது கணக்கு. 3 கட்டம் அகலம், 4 கட்டம் நீளம் உள்ள ஒரு அறை. பழைய அளவையில் 30 அடிக்கு 40 அடி. 10-ஐ 5 ஆக்கினால் 15-க்கு 20. நீளம் பாதியானது என்றுதான் தோன்றும், ஆனால் பரப்பு கால்வாசி ஆகிவிட்டது, 1200 சதுர அடி 300 ஆகிவிட்டது. அந்த அறையில் நான்கு ஓகர்கள் (ராட்சதப் பூதங்கள்) என்று எழுதியிருக்கும். ஐந்தாம் பதிப்பில் ஓகர் ஒன்று 10 அடிக்கு 10 அடி இடம் எடுக்கும். நான்கு ஓகருக்கே 400 சதுர அடி வேண்டும். அறையே 300! உங்கள் குழு கதவைத் திறந்தால் ஓகர்கள் வெளியே பிதுங்கி விழும்.

சரியான வழி, ஒவ்வொரு பழைய கட்டத்தையும் நான்காக வெட்டுவதுதான். 12 பழைய கட்டம் 48 புதிய கட்டம் ஆகும். அளவு மாறாது, கோடுகள்தான் கூடும்.

ஊமத்தைப்பூ

இருபதுமுகம் சொன்ன கணக்கு சரி, முடிவு எனக்கு உடன்பாடில்லை. பழைய மேப்களில் பாதி அறைகள் தேவைக்குமேல் பெரியவை. 10 அடிக் கட்டத் தாளில் வரைந்தால் ஒரு அறையின் குறைந்தபட்ச அளவே 10-க்கு 10 ஆகிவிடுகிறது, அதற்கு அடுத்தது 20-க்கு 20. காவலாளி ஒருவன் படுத்துத் தூங்கும் அறை 20-க்கு 20 என்றால் அது 6 மீட்டருக்கு 6 மீட்டர், ஒரு வகுப்பறை அளவு. அதில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் கிடக்கும். வரைந்தவர் அறையை அப்படிக் கற்பனை செய்திருக்கமாட்டார், தாள் அவரை அப்படி வரையவைத்தது.

அதனால் நான் அறை அறையாகப் பார்த்து முடிவு செய்வேன். சடங்கு மண்டபம், டிராகன் குகை இவையெல்லாம் 10 அடியாகவே இருக்கட்டும். தூங்கும் அறை, சரக்கறை, சிறைக்கூடம் போன்றவற்றைப் பாதியாக்குவேன். மேப் முழுக்க ஒரே ஸ்கேலாக இருக்கவேண்டும் என்று ஆட்டக்காரர்கள் யாரும் வழக்குப் போடப்போவதில்லை.

நடைவழியில் மட்டும் கை வைக்கமாட்டேன். 10 அடி அகல நடைவழி என்றால் 5 அடிக் கட்டத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கலாம், முன்னால் இரண்டு வாள், பின்னால் ஒரு மந்திரவாதி. அதை 5 அடியாக்கினால் ஒற்றை வரிசை. முன்னால் போகிறவர் ஒருவர்தான் சண்டை போடுவார், மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேப்பில் ஒரு எண்ணை மாற்றப்போய் மூன்று பேருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

சுரங்கக்காரி

> அளவு மாறாது, கோடுகள்தான் கூடும்

ஃபயர்பாலை வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள், ஸ்கேல் உடனே மண்டையில் ஏறும். ஆரம் 20 அடி, அதாவது குறுக்களவு 40 அடி. 5 அடிக் கட்டத்தில் 8 கட்டம் குறுக்கே போகும், 10 அடிக் கட்டத்தில் 4 கட்டம்தான். இதே மந்திரம் மேலே சொன்ன 30-க்கு 40 அறையைக் கிட்டத்தட்ட முழுவதும் நிரப்பும், மூலைகளில் மட்டும் கொஞ்சம் தப்பும். அறையைப் பாதியாக்கி வைத்திருந்தால் மந்திரவாதிக்கு இலக்கு பார்க்கும் வேலையே இல்லை, கதவைத் திறந்து வீசிவிட்டுக் கதவை மூடலாம்.

பழைய அட்வான்ஸ்டு விதியில் இன்னும் வேடிக்கை. அங்கே ஃபயர்பால் இடம் கிடைத்த பக்கமெல்லாம் பரவும், மொத்தக் கன அளவு 10 அடிக் கனச்சதுரம் 33. 20 அடி ஆரக் கோளத்தின் கன அளவு 33,500 சொச்சம் கன அடி, அதனால்தான் இந்த 33. இப்போது 10 அடி அகலம் 10 அடி உயரம் உள்ள நடைவழியில் அதை வீசினால் 330 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும். வீசியவனையும் சேர்த்துத்தான். பழைய ஆட்டக்காரர்கள் மேப்பைக் கட்டம் கட்டமாக எண்ணி வரைந்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மணல்கடிகை

எல்லோரும் தூரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த 10 அடிக் கட்டத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது: நேரம்.

1981-இல் வந்த, இதே ஆட்டத்தின் பேசிக் விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுமை இல்லாத ஆள் நிலவறையைத் தேடிக்கொண்டே நடந்தால் 10 நிமிடத்துக்கு 120 அடி. அந்த 10 நிமிடத்துக்குப் பெயர் ஒரு டர்ன். சண்டை வந்தால் அதே ஆள் 10 நொடியில் 40 அடி போவான். ஐந்தாம் பதிப்பிலோ 6 நொடியில் 30 அடி, அதே வேகத்தில் 10 நிமிடம் நடந்தால் 3000 அடி. அதாவது தேடிக்கொண்டு நடப்பதைவிட 25 மடங்கு. ஆமை வேகம் என்று சிரிக்கலாம், ஆனால் இருட்டில் சுவரைத் தட்டிக்கொண்டு, தரையைக் கழியால் குத்திக்கொண்டு, மேப் வரைந்துகொண்டு போகிற வேகம் அது.

120 அடி என்றால் 10 அடிக் கட்டத்தில் 12 கட்டம். ஒரு டர்னுக்கு 12 கட்டம். தீப்பந்தம் 6 டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை டிஎம் பகடை உருட்டி அலையும் பூதம் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பார். ஆக 72 கட்டம் நடந்தால் ஒரு தீப்பந்தம் தீர்ந்தது, அதற்குள் மூன்று முறை பகடை உருண்டது. மேப்பின் கட்டங்களே கடிகாரம் மாதிரி ஓடுகின்றன.

இப்போது 10-ஐ 5 ஆக்கினால் நிலவறை முழுக்கச் சுற்றிவர ஆகும் நேரம் பாதியாகிவிடும். தீப்பந்தம் மிஞ்சும், அலையும் பூதம் பாதிதான் வரும். சாகசத்தை எழுதியவர் கட்டிவைத்திருந்த நெருக்கடி அப்படியே காற்றுப்போய்விடும். நிலவறை ஏன் சப்பென்று இருந்தது என்று டிஎம் பூதங்களின் உயிர்ப்புள்ளியை ஏற்றிக்கொண்டிருப்பார். கோளாறு இருக்கும் இடம் மேப்பின் மூலையில் உள்ள அந்த எண்.

ஊமத்தைப்பூ, அறைகளைப் பாதியாக்குங்கள், பரவாயில்லை. அறைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் குறைக்காதீர்கள்.

ஊமத்தைப்பூ

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். நான் நடத்துவதில் தீப்பந்தக் கணக்கு யாரும் பார்ப்பதில்லை, அதனால் எனக்கு இது உறுத்தவில்லை. ஆனால் இருட்டில் கண் தெரியும் இனங்களாகவே எல்லோரும் தேர்ந்தெடுத்துவிட்டால் தீப்பந்தக் கடிகாரத்துக்கு என்ன மதிப்பு என்பதையும் சொல்லுங்கள்.

மணல்கடிகை

அலையும் பூதத்துக்குத் தீப்பந்தம் தேவையில்லை :) நேரம் ஓடினாலே போதும். ஒரு மணி நேரம் நீடிக்கும் மந்திரங்களுக்கும் இதே கணக்குதான்.

அகல்விளக்கு

அடேயப்பா. நேரத்தை நான் யோசிக்கவே இல்லை, என் சாகசத்தில் மூன்றாவது அடுக்கில் "ஒவ்வொரு மூன்று டர்னுக்கும் வெள்ளம் ஒரு அடி ஏறும்" என்று ஒரு இடம் வருகிறது, இப்போதுதான் அது எதற்கு என்று விளங்குகிறது.

நாங்கள் விடிடியில் (கணினித் திரையில் ஓடும் மெய்நிகர் மேசை) ஆடுகிறோம். ஸ்கேன் செய்த படத்தில் 10 அடிக் கோடுகள் ஏற்கனவே இருக்கின்றன. மென்பொருளின் 5 அடிக் கட்டத்தை அதன்மேல் போட்டால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, இடது மூலையில் சரியாக இருக்கிறது, வலது பக்கம் போகப்போக விலகுகிறது. இதற்கு வழி இருக்கிறதா?

பிக்சல்பூதம்

இது என் பேட்டை. முதலில் எத்தனை பிக்சல் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு மேப்பில் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். உதாரணமாக 40-க்கு 30 பழைய கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 400 அடிக்கு 300 அடி. 5 அடிக் கட்டத்தில் அது 80-க்கு 60. ரோல்20 என்ற விடிடியில் ஒரு கட்டம் 70 பிக்சல் என்பதுதான் இயல்பான அமைப்பு, அதனால் படம் 5600-க்கு 4200 பிக்சலாக இருக்கவேண்டும். ஃபவுண்ட்ரி என்ற இன்னொரு விடிடியில் இயல்பு 100, அப்படியானால் 8000-க்கு 6000, இது கொஞ்சம் கனமான படம், பழைய மடிக்கணினிகள் திணறும். அங்கே கட்டத்தின் பிக்சலைக் குறைத்துக்கொள்ளலாம்.

விலகுவதற்குக் காரணம், ஒரே ஒரு கட்டத்தை அளந்து வைத்திருப்பீர்கள். ஒரு கட்டத்தில் 1 பிக்சல் தப்பினால் கண்ணுக்குத் தெரியாது, 40-வது கட்டத்தில் அது 40 பிக்சல், 70-இல் பாதிக்கு மேல். பத்துக் கட்டத்தைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். இன்னும் நல்லது, மேப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளந்து வகுப்பது. அப்படியும் பொருந்தாவிட்டால் ஸ்கேன் செய்யும்போது தாள் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், புத்தக நடுமடிப்புப் பக்கம் எப்போதும் இந்தத் தொல்லை உண்டு. படத்தை நேராக்கும் மென்பொருளில் நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்தபின் மறுபடி போடுங்கள்.

இன்னொரு விஷயம். மேப்பில் "1 அங்குலம் = 10 அடி" என்று எழுதியிருந்தால் அதை அந்த மூலத்தாளுக்கு மட்டும்தான் நம்பலாம். ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, திரையில் போட்ட பிறகு அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. "1 கட்டம் = 10 அடி" என்றால் எத்தனை முறை பெரிதாக்கினாலும் சரியாக இருக்கும். கீழே கோடு போட்டு 0, 50, 100 அடி என்று குறித்திருப்பார்களே, அந்த அளவுக்கோடும் படத்தோடு சேர்ந்தே பெரிதாகும், அதனால் நம்பலாம். மேப்பை வெட்டும்போது அந்தக் கோட்டை வெட்டி எறிந்துவிடாதீர்கள். பலர் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், அழகாக இல்லையாம்.

அச்சடித்து ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அச்சு அமைப்பில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று இருப்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஒரு அங்குலக் கட்டம் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். ஏ4 தாள் 8.27-க்கு 11.69 அங்குலம். விளிம்பு வெட்டாமல் அச்சடித்தாலே 8-க்கு 11 கட்டம்தான் கிடைக்கும், அதாவது 40-க்கு 55 அடி. லண்டன் கோட்டையின் வெள்ளைக் கோபுரம் அடித்தளத்தில் ஏறத்தாழ 36-க்கு 32 மீட்டர். 5 அடிக் கட்டத்தில் 24-க்கு 21. ஒரு தளத்துக்கே ஆறு ஏ4 தாள் ஒட்டவேண்டும். "பெரிய கோட்டை, ஐந்து மாடி" என்று சாகசத்தில் சாதாரணமாக எழுதிவிடுவார்கள், அச்சடிக்கிறவனுக்குத்தான் வலி தெரியும்.

நடைபயணி

நிலவறையைப் பிய்த்து எடுத்துவிட்டீர்கள். நான் வட்டார மேப்புக்கு வருகிறேன்.

6 மைல் ஹெக்ஸ் சும்மா பிடித்துப்போட்ட எண் மாதிரி தெரியும், ஆனால் கையில் எடுத்தால் கணக்குகள் அழகாக விழுகின்றன. ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடை மணிக்கு 3 மைல், நாளுக்கு 24 மைல். ஆக ஒரு ஹெக்ஸ் 2 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 ஹெக்ஸ். வேக நடை 30 மைல், 5 ஹெக்ஸ். மெதுவாகப் பதுங்கிப் போனால் 18 மைல், 3 ஹெக்ஸ். மீதியே வராது. சதுப்பு, அடர்காடு போன்ற கடினமான நிலம் என்றால் வேகம் பாதி, அதுவும் 2, முழு எண்தான்.

கண்ணுக்கு எட்டும் தூரமும் பொருந்தும். நம் பூமி அளவுள்ள உலகத்தில், சமவெளியில் நிற்பவரின் கண் 6 அடி உயரத்தில் இருந்தால் அடிவானம் சுமார் 3 மைலில் இருக்கும். அடிக்கணக்கில் உள்ள உயரத்தை ஒன்றரையால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மைல் கிடைக்கும். ஹெக்ஸின் நடுவில் நின்றால் அதன் ஓரம் 3 மைல். ஆக ஆள் நிற்கும் ஹெக்ஸ் தெரியும், அடுத்த ஹெக்ஸ் தெரியாது. 24 அடி மரத்தில் ஏறினால் 6 மைல், பக்கத்து ஹெக்ஸின் நடுவரை. 96 அடி கோபுரத்தில் ஏறினால் 12 மைல், இரண்டு ஹெக்ஸ். கோபுரத்தைக் கைப்பற்றுவதால் குழுவுக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மலையும் காடும் நடுவில் வந்தால் இதெல்லாம் மாறும், உயரமான பொருள்கள் இன்னும் தூரத்திலேயே தெரியும், அதை டிஎம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: 6 மைல் என்பது எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரம். எதிரெதிர் முனைகளுக்கு நடுவே அளந்தால் 6.9 வரும். ஒரு ஹெக்ஸ் நடுவிலிருந்து அடுத்த ஹெக்ஸ் நடுவுக்கு 6 மைல் என்று எடுத்துக்கொண்டால் தகராறு இல்லை.

இதையெல்லாம்விட முக்கியமானது ஹெக்ஸுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. 6 மைல் ஹெக்ஸின் பரப்பு 31 சதுர மைல், 80 சதுர கிலோமீட்டர். இடைக்கால லண்டனின் மதிலுக்குள் இருந்த பரப்பு 330 ஏக்கர் சொச்சம், அரைச் சதுர மைலுக்குச் சற்று மேல். அப்படிப்பட்ட நகரங்கள் அறுபது ஒரு ஹெக்ஸுக்குள் அடங்கும். மேப்பில் ஒரு ஹெக்ஸில் ஒரு மரம் மட்டும் வரைந்திருக்கிறது என்பதற்காக "அங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடும் டிஎம்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பாழடைந்த கோவில் இந்த ஹெக்ஸில் இருக்கிறது என்று தெரிந்தாலும் 80 சதுர கிலோமீட்டர் காட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி வேலை. ஹெக்ஸுக்குள் காலடி வைத்தவுடன் கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், பாதை இருந்தால் ஒழிய.

உங்கள் 100 கெஜப் பள்ளத்தாக்கு மேப் இதற்குள் எப்படி உட்காருகிறது என்றும் பாருங்கள். 30 கட்டம் குறுக்கே என்று வைத்தால் 3000 கெஜம், 1.7 மைல், நடந்தால் 35 நிமிடம். முழுப் பள்ளத்தாக்கும் ஒரே ஹெக்ஸின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அங்கே நாள் கணக்குப் பேசாதீர்கள், நிமிடக் கணக்குப் பேசுங்கள். அதன் ஒரு கட்டமே 300 அடி, அதாவது 5 அடிக் கட்டம் 60. ஒரு சண்டை முழுவதும் அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

அகல்விளக்கு

அருமை. இன்னொரு பழைய தொகுப்பில் முழுக் கண்டத்தின் மேப் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு ஹெக்ஸ் 30 மைல். அதிலும் இதே மாதிரி எண்ணலாமா?

நடைபயணி

எண்ணலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு ஹெக்ஸ் கூட முழுதாக வராது, 24-க்கு 30. பரப்போ ஏறத்தாழ 780 சதுர மைல். அந்த மேப் அரசியலுக்கு: யார் நாடு எங்கே முடிகிறது, எந்தத் துறைமுகம் யார் கையில். கால்நடையாகப் போகும் குழுவை அதில் வைத்தால் நான்கு நாள் நடந்தும் காய் மூன்று ஹெக்ஸ்தான் நகர்ந்திருக்கும். ஐந்தாம் பதிப்பின் 2014 டிஎம் கையேட்டில் மூன்று படி சொல்லியிருக்கிறார்கள்: மாகாணம் 1 மைல், நாடு 6 மைல், கண்டம் 60 மைல். நடு மேப்பில் பயணம் நடத்துங்கள், பெரியதைச் சுவரில் மாட்டுங்கள்.

கோடுபோடாதவன்

இவ்வளவும் படித்தபின் கேட்கிறேன், ஆட்டம் எப்போது ஆடுவீர்கள்? வர்க்கமூலம் எல்லாம் எடுத்து முடித்த பிறகா?

நான் ஸ்கேலையே தூக்கி எறிந்து ரொம்ப நாள் ஆகிறது. ஃபேட் மாதிரியான ஆட்டங்களில் மண்டலம் என்று ஒன்று உண்டு: மாடிப்படி ஒரு மண்டலம், கூடம் ஒரு மண்டலம், முற்றம் ஒரு மண்டலம். ஒரே மண்டலத்தில் இருந்தால் கைகலப்பு, பக்கத்து மண்டலத்துக்கு எறியலாம், அதற்கு அப்பால் எய்யவேண்டும். அடியும் கிடையாது, அங்குலமும் கிடையாது. பயணத்துக்கும் அப்படித்தான், ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து "ஒன்றரை நாள், ஆற்றைக் கடக்கவேண்டும்" என்று எழுதிவிடுவேன். ஆட்டக்காரர்களுக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

இன்னொன்று, கதைக்குள் இருப்பவர்கள் கையில் இருக்கும் மேப் எதற்குத் துல்லியமாக இருக்கவேண்டும்? ஒரு கடத்தல்காரன் தோலில் கிறுக்கிக்கொடுத்த மேப்பில் அவனுக்குப் பயமான இடம் பெரிதாகவும் பழகிய இடம் சிறிதாகவும்தான் இருக்கும். அதில் ஹெக்ஸ் போட்டுக்கொடுத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இருபதுமுகம்

கடைசிப் பத்தி நூற்றுக்கு நூறு. ஆட்டக்காரர் மேப் வேறு, டிஎம் மேப் வேறு. ஆட்டக்காரர்களிடம் ஸ்கேல் இல்லாத கிறுக்கலைக் கொடுங்கள், உங்களிடம் ஸ்கேல் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டலத்தைப் பற்றி: ஃபேட்டில் அது ஓடுவதற்குக் காரணம் அந்த விதிகள் அடிக்கணக்கைக் கேட்பதே இல்லை. ஐந்தாம் பதிப்பு கேட்கிறது. நீள்வில்லுக்கு 150 அடிவரை இயல்பு, 600 அடிவரை சிரமம். ஒருவர் அந்த வில்லை வாங்கி அதற்கான திறனையும் எடுத்திருக்கிறார் என்றால் 150 அடி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் "பக்கத்து மண்டலம்" என்று சொன்னால் நீள்வில்லும் கைக்கோடரியும் ஒன்றாகிவிடும். விதி எந்த அலகில் கேள்வி கேட்கிறதோ அந்த அலகில் மேப் பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என் கட்சி. தீப்பந்தம் கேட்டால் டர்னில், வில் கேட்டால் அடியில், ரொட்டி எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டால் நாளில். எந்த விதியும் கேட்காத இடத்தில் உங்கள் கோட்டையும் குறிப்பையும் நானும் பயன்படுத்துகிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் மேசைமேல் வைக்கவும் முடியாது. 600 அடியை 5 அடிக் கட்டத்தில் வைத்தால் 120 அங்குலம், மேசையே 10 அடி வேண்டும். வெட்டவெளிச் சண்டை தூரத்தில் தொடங்கினால் 100 கெஜ மேப்பில் வாயால் சொல்லி நடத்திவிட்டு, நெருங்கி வந்த பிறகு பொம்மைகளை எடுங்கள்.

கோடுபோடாதவன்

கைக்கோடரியை எறிய ஒரு மண்டலம், வில்லுக்கு மூன்று மண்டலம் என்று எழுதிக்கொள்ளலாமே. சரி விடுங்கள், இது தீராது.

சுரங்கக்காரி

குறுக்கே ஒரு விஷயம், மூலைவிட்டம். சதுரக் கட்டத்தில் மூலைவழியாகப் பத்துக் கட்டம் போனால் உண்மைத் தூரம் 14 கட்டம். ஐந்தாம் பதிப்பின் எளிய கணக்கில் 10 என்றே எண்ணுகிறோம், நான்காம் பதிப்பிலும் அப்படித்தான். மூன்றாம் பதிப்பில் முதல் மூலைக்கு 5, அடுத்ததற்கு 10 என்று மாறி மாறி எண்ணுவார்கள், அப்படி எண்ணினால் 15 வரும், உண்மைக்கு நெருக்கம். ஹெக்ஸில் இந்தத் தகராறே இல்லை. ஆனால் ஹெக்ஸில் சதுர அறை வரைந்து பாருங்கள், சுவரோரம் எல்லாம் அரை ஹெக்ஸாக நிற்கும், அங்கே ஆள் நிற்கலாமா என்று ஒரு அரைமணி நேரச் சண்டை நிச்சயம். கட்டடத்துக்குச் சதுரம், காட்டுக்கு ஹெக்ஸ்.

அப்புறம் உயரம். மேப்பில் ஒரு கட்டம் படிக்கட்டு, கீழ்த்தளம் 30 அடி ஆழம் என்று எழுதியிருக்கும். 45 பாகைச் சரிவு என்றாலே கிடையாக 30 அடி வேண்டும், மூன்று பழைய கட்டம். ஒரு கட்டத்தில் அடங்குவதென்றால் அது சுழல்படியாகத்தான் இருக்கமுடியும். சுழல்படியில் ஒருவர்பின் ஒருவராகத்தான் இறங்கலாம், நீள ஈட்டி திரும்பாது. இதை முன்கூட்டியே பார்த்துவைத்தால் நல்ல ஒரு சண்டை இலவசமாகக் கிடைக்கும்.

அகல்விளக்கு

எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அடி, மைல் எதுவும் பழக்கமில்லை, மீட்டர்தான் ஓடும். மாற்றிக்கொண்டால் ஏதாவது உடையுமா? அந்தக் கிராம மேப்பையும் யாராவது சொல்லுங்கள்.

பிக்சல்பூதம்

உடையாது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிபெயர்ப்புகளில் ஒரு கட்டம் 1.5 மீட்டர் என்றே வைத்திருக்கிறார்கள். 30 அடி நடை 9 மீட்டர், ஆறு கட்டம். 5 அடி சரியாக 1.524 மீட்டர், அந்த மிச்சத்தை மறந்துவிடுங்கள். பயணத்தில் மட்டும் 6 மைல் ஹெக்ஸை 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மணிக்கு 5 கிலோமீட்டர் நடை என்று வையுங்கள், 2 மணி நேரக் கணக்கு அப்படியே நிற்கும். ஒரே ஆட்டத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கிராமத்துக்கு: முதலில் சாகசத்தின் எழுத்தைத் துழாவுங்கள். "பாலம் 60 அடி நீளம்", "மதுக்கூடம் இரண்டு மாடி, 40-க்கு 60" என்று எங்காவது ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்தால் படத்தில் அதை அளந்து மேப் முழுவதற்கும் ஸ்கேல் எடுத்துவிடலாம். இரண்டு வரி கிடைத்து இரண்டும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். எழுத்தே இல்லாவிட்டால் கதவைப் பாருங்கள், ஒற்றைக் கதவு 3 அடியிலிருந்து 4 அடிக்குள் இருக்கும், வண்டி போகும் தெரு 10 அடிக்குக் குறையாது. ஆனால் ஒன்று, மேப் வரைபவர்கள் கதவையும் கிணற்றையும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று பெரிதாக வரைவார்கள். கிணற்றை வைத்து அளந்தால் கிராமமே சுருங்கிவிடும். வீட்டின் மொத்த அகலம் பரவாயில்லை, பாலம் அதைவிட நல்லது.

ஊமத்தைப்பூ

எழுத்தில் 40 அடி, மேப்பில் அளந்தால் 60 அடி என்று முரண்பட்டால்? பழைய சாகசங்களில் இது சகஜம், எழுதியவர் ஒருவர், வரைந்தவர் இன்னொருவர். ஆட்டக்காரர்கள் எதைப் பார்த்துவிட்டார்களோ அதுவே உண்மை என்று வைத்துக்கொள்வேன். மேப் திரையில் வந்துவிட்டால் மேப், வாயால் மட்டும் சொல்லியிருந்தால் எழுத்து.

அகல்விளக்கு

பாலம் கிடைத்தது! எழுத்தில் 80 அடி என்று இருக்கிறது. அளந்து பார்த்தால் மதுக்கூடம் 50-க்கு 35 வருகிறது, நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

நிலவறையை 5 அடிக் கட்டமாக வெட்டிவிட்டேன், நடைவழி எல்லாம் அப்படியே, தூங்கும் அறைகள் நான்கைந்தை மட்டும் சிறிதாக்கப்போகிறேன். கடைசி ஒன்று: ஒரு நண்பர் நேரில் ஆடும் நாள்களுக்குப் பழைய 10 அடி மேப்பையே ஒரு அங்குலக் கட்டப் பாயில் வரைந்து, அதன்மேல் 28 மில்லிமீட்டர் பொம்மைகளை வைக்கலாம் என்கிறார். ஒத்துவருமா?

இருபதுமுகம்

சண்டைக்கு ஒத்துவராது. ஒரு அங்குலத்துக்கு 5 அடி என்றால் 1-க்கு 60, உங்கள் பொம்மைகள் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் வார்க்கப்பட்டவை. 10 அடி என்றால் 1-க்கு 120, ஒவ்வொரு பொம்மையும் இரண்டு ஆள் உயரம் ஆகிவிடும், இரண்டு பேர் நிற்கவேண்டிய நடைவழியில் ஒரு பொம்மைதான் நிற்கும். தேடி நடக்கும்போது அந்தப் பாயை வைத்துக்கொள்ளுங்கள், முழுக் குழுவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பகடையை நகர்த்துங்கள், 12 கட்டத்துக்கு ஒரு டர்ன். சண்டை மூண்டதும் அந்த ஒரு அறையை மட்டும் தனித்தாளில் 5 அடிக் கட்டமாக வரைந்து பொம்மைகளை இறக்குங்கள்.

மணல்கடிகை

வெள்ளம் ஏறும் அடுக்கில் அந்தப் பகடையின் எண்ணையே நீர்மட்டமாக வைத்துக்கொள்ளலாம். மூன்று டர்னுக்கு ஒருமுறை ஒரு எண் ஏற்றுங்கள், 4 வந்தால் குள்ளர்களை யாராவது தோளில் தூக்கவேண்டும்.